சுவர் யாருடையது?

1819 ஆம் ஆண்டு, ஏப்ரல் 28. புலி வேட்டைக்குப் புறப்பட்ட வெள்ளைப் படையதிகாரி ஒருவன், வாகூரை ஆற்று வளைவிலே, புதர் மண்டிக் கிடந்த மலைச்சரிவிலே, குகை வாயில் ஒன்றைக் கண்டான். சென்னை மாகாணக் குதிரைப் படையைச் சேர்ந்த ஜான் ஸ்மித் என்பவன் அவன். தீவட்டி பிடித்து உள்ளே நுழைந்தவன் கண்ட காட்சி, இன்று உலகம் முழுதும் புகழும் அஜந்தா! ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இருளிலே உறங்கிய வண்ணங்கள் ஒளியிலே விழித்தன. விழித்த அந்த வேளையில் ஸ்மித் என்ன செய்தான்? பத்தாம் குகையின் ஓவியத்தின் மீதே தன் பெயரையும் நாளையும் கீறி வைத்தான். அந்தக் கீறல் இன்றும் இருக்கிறது.

தீட்டியவனுக்குப் பெயரில்லை; கீறியவனுக்குப் பெயர் நிலைத்தது.

இந்திய ஓவிய வரலாற்றை எழுதுவோர் பாணிகளைப் பற்றி எழுதுவர். அஜந்தா பாணி, முகலாயர் பாணி, தஞ்சைப் பாணி, வங்கப் பாணி என்று வகுப்பர். கோட்டின் நெளிவை வியப்பர். வண்ணத்தின் குழைவைப் போற்றுவர். நாமும் வியக்கிறோம், போற்றுகிறோம். ஆனால் அதற்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டென்று நினைக்கிறோம். அந்தச் சுவர் யாருடையது? அதில் தீட்டிய கை யாருடையது? அதன் எதிரே நின்று பார்க்கும் உரிமை யாருக்கு இருந்தது? சுண்ணச்சுவரிலிருந்து கண்ணாடித் திரை வரைக்கும் இந்த நாட்டு ஓவியம் நடந்து வந்த வழியை இக்கேள்வியோடு நடந்து பார்த்தால், பாணிகளைப் பற்றிய நூல்கள் காட்டாத சில காட்சிகள் நம் கண்ணில் படும்.

தமிழ்நாட்டிலிருந்தே தொடங்குவோம். பரிபாடலிலே திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் ஒன்று பேசப்படுகிறது. மலைக்கு வந்த மக்கள் சுவர்ப்படங்களைச் சுற்றி நிற்கின்றனர். இவன் யார், இவள் யார் என்று ஒருவர் கேட்க, இது காமன், இது இரதி, இது இந்திரன், இவள் அகலிகை என்று மற்றவர் சொல்லிக்கொடுக்கின்றனர். எவ்வளவு இனிய காட்சி! காட்டப்படும் கதை எதுவாயினும் ஆகுக. கேட்க ஒருவரும் சொல்ல ஒருவருமாகக் கூட்டமாய் நின்று ஓவியம் பார்த்த மக்களை அன்றே நம் புலவன் பாட்டில் பிடித்து வைத்திருக்கிறான்.

ஆனால் அதே தமிழ்நாட்டிலே, தஞ்சைப் பெரிய கோயிலிலே, கதை வேறு. 1010 இல் இராசராசன் கட்டி முடித்த அக்கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய இருட்டறையிலே சோழர் ஓவியங்கள் தீட்டப்பட்டன. சுண்ணச்சாந்து ஈரமாக இருக்கும்போதே விரைந்து வண்ணமிட்டு, சாந்து இறுக இறுக நிறமும் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும் அரிய முறையிலே தீட்டப்பட்டவை அவை. ஈரம் உலரும் முன் முடிக்கவேண்டும். தவறினால் திருத்த வழியில்லை. அத்தகைய கைகள்! அந்தக் கைகளின் எதிரே நின்று பார்த்தவர் யார்? கருவறைக்குப் பக்கத்தில் செல்லத் தகுதி பெற்ற சிலர். அவ்வளவுதான். பின்னர் நாயக்கர் காலத்திலே அவற்றின் மேல் வேறு ஓவியம் பூசி மூடினார்கள். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடத்திலே உள்ளே ஒளிந்திருந்த சோழர் கைவண்ணத்தைக் கண்டு உலகுக்குச் சொன்னார். அதுவரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

அக்கோயிலின் கல்வெட்டுகளோ கணக்கிலே கறாரானவை. நானூறு ஆடல் மகளிரின் பெயர், அவர்கள் வந்த ஊர், குடியிருந்த வீடு வரை வெட்டி வைத்திருக்கின்றன. விளக்குக்கு ஆடு விட்டவன் பெயர் உண்டு. நகை கொடுத்தவன் பெயர் உண்டு. நகையிலே கோத்த முத்தின் எடை உண்டு. அந்த இருட்டறையிலே விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஈரச் சாந்தோடு போட்டியிட்டு, ஆடும் மங்கையின் இடையை ஒரே வீச்சில் வளைத்தவன் பெயர் அவ்வோவியத்தின் பக்கத்தில் இல்லை.

சித்தன்னவாசலிலே தாமரைக் குளம் தீட்டிய சமணர் குகையில் ஒரு பெயர் கிடைக்கிறது: மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். ஒன்பதாம் நூற்றாண்டில் அக்குகையைப் புதுப்பித்தவன் என்று கல்வெட்டு அவனைக் குறிக்கிறது. ஆசிரியன் என்ற சொல்லைக் கண்டதும் பள்ளியில் பணிபுரியும் நமக்குச் சற்றுப் பெருமை தோன்றுகிறது. ஆனால் அவன் சமண சமயத்து ஆசிரியன், செய்வித்தவன். குளத்திலே பூக் கொய்தவர்களையும் மீனையும் யானையையும் தீட்டிய கை, அங்கும் பெயரற்ற கைதான்.

பெயரைக் காண நாம் ஆக்ராவுக்கும் பத்தேபூர் சிக்ரிக்கும் போகவேண்டியிருக்கிறது. அக்பர் அரண்மனையிலே ஓவியச்சாலை ஒரு தொழிற்சாலை போல் நடந்தது. ஹம்சாநாமா என்ற ஒரு கதைக்கு மட்டும் 1,400 படங்கள்! ஒருவன் கோடு வரைவான், ஒருவன் வண்ணம் நிரப்புவான், முகம் எழுதுவதற்கு மட்டும் தனியே ஒருவன். சுவடியின் ஓரத்திலே எழுத்தன் இவர்கள் பெயரைக் குறித்து வைப்பான்: கோடு இன்னார், வண்ணம் இன்னார் என்று. கூலி கணக்கிடுவதற்காக இருக்கலாம், மேற்பார்வைக்காக இருக்கலாம். எதற்காயினும் சரி, உழைத்தவன் பெயர் ஏட்டில் ஏறியது.

அப்படி ஏறிய பெயர்களிலே ஒன்று தஸ்வந்த். அபுல் பசல் தம் அயினி அக்பரியில் அவன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறார். பல்லக்குத் தூக்கியின் மகன் அவன். காலமெல்லாம் மற்றவனைத் தோளில் சுமப்பதே குலத்தொழில் என்று வகுக்கப்பட்ட வீட்டிலே பிறந்தவன். ஆனால் சுவரைக் கண்டால் அவன் கை சும்மா இராது. உருவங்களை வரைந்துகொண்டே இருப்பான். ஒரு நாள் அக்பர் கண்ணில் அது பட்டது. பாரசீகத்திலிருந்து வந்த குவாஜா அப்துஸ்ஸமது என்ற ஓவிய வல்லுநரிடம் அவனை ஒப்படைத்தான் மன்னன். சில காலத்துக்குள் தஸ்வந்த் அனைவரையும் விஞ்சினான். மகாபாரதம் பாரசீகத்தில் மொழிபெயர்க்கப்பட்டு ரஸ்ம்நாமா என்ற பெயரில் படச்சுவடியாக உருவானபோது, அதன் சிறந்த படங்களுக்கு உருவம் வகுத்தவன் அவனே. முடிவு துயரமானது. மனநோய் பற்றியது, 1584 இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

பல்லக்குத் தூக்கியின் மகனைப் பாரசீக ஆசானிடம் அனுப்பியவன் மன்னன். மன்னன் கண்ணில் படாத சுவர்களில் வரைந்த மற்றப் பல்லக்குத் தூக்கிகளின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? மழை அழித்திருக்கும்.

இனி மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டுவோம். இடையிலே இராசபுத்திர ஓவியம் உண்டு, பகாரி ஓவியம் உண்டு, கும்பினி அதிகாரிகளுக்காகத் தஞ்சையிலும் பாட்னாவிலும் தீட்டிய படங்கள் உண்டு. அவற்றை விரித்தால் ஏடு போதாது. நம் கேள்வி கூர்மையடைகின்ற இடம் 1894, பம்பாய்.

திருவிதாங்கூரில் கிளிமானூரில் 1848 இல் பிறந்த இரவிவர்மாவை எல்லோரும் அறிவர். எண்ணெய் வண்ணம் தீட்டும் நுட்பத்தை அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் அவருக்குக் கற்றுத்தர மறுத்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. குலத்துக்குக் குலம் மட்டுமா பூட்டு? கலைஞனுக்குக் கலைஞனும் பூட்டுப் போட்டான். பின்னர் அங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதைப் பார்த்துப் பார்த்தே அவர் அறிந்துகொண்டார். அரசர்க்கும் சீமான்களுக்கும் தீட்டிப் புகழ் பெற்றார். அத்தோடு நின்றிருந்தால் அவரும் அரண்மனைச் சுவரோடு நின்றிருப்பார். ஆனால் 1894 இல் அவர் கல்லச்சுக்கூடம் ஒன்று தொடங்கினார்.

கல்லச்சு என்பது என்ன? வழவழப்பான சுண்ணாம்புக்கல்லிலே நெய்ப்பசையுள்ள மையால் படம் வரைவார்கள். கல்லை நீரால் நனைத்து மை உருளையை ஓட்டினால், ஈரமான இடத்தில் மை ஒட்டாது. நெய்ப்பசை உள்ள இடத்தில் மட்டும் ஒட்டும். நீரும் நெய்யும் சேரா என்பது அடுக்களையில் இருக்கும் எந்தப் பெண்ணும் அறிந்த உண்மை. அந்த உண்மையின் மேல் எழுந்தது ஒரு பெரிய தொழில். நிறத்துக்கு ஒரு கல்லாக, ஒரே தாளைக் கல்லுக்குக் கல் மாற்றி அச்சிட்டால் பல வண்ணப் படம் வெளிவரும். ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில்!

இலக்குமி வந்தாள், கலைமகள் வந்தாள், சகுந்தலை வந்தாள். குடிசைக்கும் வந்தார்கள். இங்கேதான் நாம் சற்று நின்று எண்ணவேண்டும். இரவிவர்மா பிறந்த திருவிதாங்கூரிலே கோயில் வாயில் எல்லோருக்கும் திறந்தது 1936 நவம்பரில். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரும் நாடாரும் நுழைந்தது 1939 சூலையில். அச்சுத்தாளோ நாற்பது ஆண்டுக்கு முன்பே தெருவில் இறங்கிவிட்டது! தீண்டாதவன் என்று வாயிலிலே தடுக்கப்பட்டவன், சந்தையிலே சில்லறைக் காசு கொடுத்துக் கடவுளின் முகத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். கருவறை இருட்டில் காக்கப்பட்ட உருவம் கூரைக் கழியிலே ஆணியில் தொங்கியது. எந்தப் புரோகிதனும் அந்த ஆணியைத் தடுக்க முடியவில்லை.

இதைப் புரட்சி என்பதா? மூடநம்பிக்கையை மொத்த விலைக்கு விற்ற வாணிகம் என்பதா? நாம் இரண்டும் என்போம். தடை உடைந்தது உண்மை. உடைந்த வழியே வந்தது, எல்லாப் பெண் தெய்வத்துக்கும் ஒரே சிவந்த மேனி, ஒரே பட்டுப் புடவை, ஒரே நாடகப் பார்வை என்பதும் உண்மை. ஊர் எல்லையிலே கறுத்த மேனியும் பிதுங்கிய விழியுமாக நின்ற நம் அம்மன்களுக்கு அந்த அச்சுக்கூடத்தில் இடம் இருக்கவில்லை.

தமிழ்நாட்டிலே இக்கதைக்கு ஒரு சுவையான பின்னிணைப்பு உண்டு. 1897 இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908 இல் தீர்ப்பு வந்தது: நாடார்க்கு நுழைய உரிமை இல்லை! 1899 இல் சிவகாசியிலே நடந்த கொள்ளையும் கொலையும் இதே பகையின் விளைவு. அந்தச் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923 இல் தொழில் தொடங்கினர். தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சு வேண்டும். அச்சு வந்ததும் நாட்காட்டி வந்தது. நாட்காட்டியிலே முருகனும் பிள்ளையாரும் மீனாட்சியும் இலட்சக்கணக்கில் அச்சாகி இந்தியா முழுதும் போனார்கள். கோயிலுக்குள் வராதே என்று எந்தச் சமூகத்தைத் தடுத்தார்களோ, அந்தச் சமூகத்தின் ஊரே பிறகு நாடு முழுதுக்கும் கடவுள் படம் வழங்கியது. தடுத்தவன் வீட்டுச் சுவரிலும் சிவகாசி நாட்காட்டிதான் தொங்கியது.

அப்படங்களை வரைந்தவர்களிலே முதன்மையானவர் கோவில்பட்டி கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவிலே திரைச்சீலை எழுதி, குழு கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கி, மாணவர் பலரை உருவாக்கியவர். நாடகத் திரையின் பளபளப்பு அவர் நாட்காட்டியிலும் உண்டு. ஓவியக் கல்லூரிப் பேராசிரியர்கள் அவரை நெடுங்காலம் ஓவியராகவே எண்ணவில்லை. மக்களோ அவர் படத்தைச் சட்டமிட்டு மாட்டினார்கள்.

கல்லூரிக்குள் நடந்ததையும் ஒரு சொல் சொல்லிவிடுவோம். 1850 இல் அலெக்சாண்டர் அண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியும், கல்கத்தா, பம்பாய்ப் பள்ளிகளும் முதலில் ஐரோப்பிய முறையையே பயிற்றின. 1905 இல் அபனீந்திரநாத் தாகூர் பாரதமாதாவைத் தீட்டி வேறு வழி தேடினார். அமிர்தா செர்கில் 1937 இல் தெற்கே வந்து, நம் சிற்றூர் மக்களின் கறுத்த மேனியின் அழகைப் பெரிய திரைச்சீலையிலே எழுதினார். 1947 இல் பம்பாயிலே முற்போக்கு ஓவியர் குழு எழுந்தது. அக்குழுவிலே ஆரா வீட்டு வேலை செய்து பிழைத்தவர். உசேன் சினிமா விளம்பரப் பலகை எழுதிப் பசியாறியவர். அந்த உசேன் 1954 இல் தீட்டிய கிராம யாத்திரை என்ற ஓவியம் 2025 இல் நியூயார்க் ஏலத்திலே ஏறத்தாழ ஒரு கோடியே 38 இலட்சம் டாலருக்குப் போயிற்று. சென்னையிலே பணிக்கர் 1966 இல் சோழமண்டலம் அமைத்து, ஓவியர்கள் கைவினை செய்து தம் சோற்றைத் தாமே தேடிக்கொள்ள வழி கண்டார். இவையெல்லாம் நன்கு எழுதப்பட்ட வரலாறு.

நன்கு எழுதப்படாதது மிதிலையின் மண்சுவர். 1934 சனவரியிலே பீகாரை நிலநடுக்கம் குலுக்கியது. இடிந்த வீடுகளைப் பார்வையிடச் சென்ற ஆர்ச்சர் என்ற ஆங்கில அதிகாரி, சுவர் பிளந்த வீடுகளுக்குள்ளே பெண்கள் தீட்டிய ஓவியங்களைக் கண்டு திகைத்தார். மணவறைச் சுவரிலே தாமரை, மூங்கில், மீன், கிளி! வீட்டுக்கு வெளியே வராத பெண்களின் கலை. வீடு இடிந்தபின்தான் வெளியுலகம் அதைப் பார்த்தது. 1966 ஐ ஒட்டி வறட்சி வந்தபோது, பஞ்சம் பிழைக்க வழியாக, பாஸ்கர் குல்கர்ணி என்ற ஓவியர் தாளைக் கொண்டுபோய் அப்பெண்களிடம் கொடுத்தார். சுவர் தாளாயிற்று, தாள் பணமாயிற்று. சீதாதேவி, கங்காதேவி போன்றோர் பெயர் பெற்றனர்.

ஆயினும் முதலில் பெயர் பெற்றோர் பெரும்பாலும் பார்ப்பன, காயஸ்தப் பெண்கள். சித்துவார்பூரிலே அதே ஊர்ச் சேரியிலே துசாத் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களும் இருந்தார்கள். இராமனையும் கிருட்டினனையும் அவர்கள் எழுதுவது மரபாக இருக்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? சானோதேவி என்ற பெண், தம் இனத்துப் பெண்களின் கையிலும் காலிலும் குத்தப்படும் பச்சைக்கோலத்தைத் தாளில் எழுதத் தொடங்கினார். வரிசை வரிசையாகச் சிறு உருவங்கள்; சாணம் மெழுகிய தாள். கடவுளுக்கோ தம் இன வீரன் இராசா சல்கேசு! சுவரை மறுத்தால் தோல் இருக்கிறது என்றல்லவா சொல்லியிருக்கிறது அந்தக் கலை!

கணினிக்கு வருவோம். அது முதலில் கலைஞனாக நம் தெருவுக்கு வரவில்லை. தொழில் பறிப்பவனாக வந்தது. சென்னை அண்ணா சாலையிலே திரைப்பட விளம்பரங்கள் எழுந்து நின்ற காலத்தை நம் பெற்றோர் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறோம். சிறு புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெருந்துணியிலே பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக ஒரு முகத்தை வளர்த்து நிறுத்துவார்கள் பேனர் ஓவியர்கள். பல ஆள் உயரக் கட்அவுட்டுகள்! கழகக் கூட்டங்களின் மேடைக்கும் அவர்கள் தூரிகையே முகம் தந்தது. அவர்கள் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். பட்டறையிலே வண்ணம் குழைத்துக் குழைத்துக் கற்றவர்கள். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பிளெக்ஸ் வந்தது. கணினியில் படத்தை ஏற்றினால் எந்திரம் அச்சிட்டுத் தள்ளும். பல நாள் வேலை ஒரு பொழுதில் முடியும். திரையிலே நாம் காணும் எந்தப் படமும் சின்னஞ்சிறு கட்டங்களாலே ஆனது. கட்டம் போட்டு வாழ்ந்தவன் பிழைப்பைக் கட்டங்களாலேயே ஆன எந்திரம் பறித்தது! சிலர் சுவரெழுத்துக்குப் போனார்கள், சிலர் வீட்டுக்கு வண்ணமடிக்கப் போனார்கள்.

அதே கணினியைக் கலைஞர் சிலர் வேறு வகையிலே கையாண்டனர். 2001 இல் விவான் சுந்தரம், தம் தாயின் தமக்கை அமிர்தா செர்கிலின் பழைய குடும்பப் புகைப்படங்களைக் கணினியில் இணைத்து, நடக்காத சந்திப்புகளை நடந்தவைபோல் உருவாக்கினார். கராச்சியில் 1946 இல் பிறந்து, பிரிவினையால் இடம் பெயர்ந்த குடும்பத்து நளினி மலானி, முதுமையிலே ஐபேட் என்ற பலகையிலே விரலால் கீறிக் கீறி அசையும் படங்கள் செய்தார். சினமும் அச்சமும் கலந்த அந்தக் கோடுகள் 2020 இல் இலண்டன் காட்சிக்கூடத்தின் சுவர் முழுதும் ஓடின. தூரிகைக்கு முன் விரல்தான் இருந்தது. தூரிகைக்குப் பின்னும் விரலே வந்திருக்கிறது.

2021 மார்ச்சிலே ஒரு செய்தி. அமெரிக்கர் ஒருவர் 5,000 நாள்களாக நாளுக்கொன்று வரைந்த படங்களின் தொகுப்பு, தொட்டுப் பார்க்க இயலாத வெறும் மின்பதிவு, ஏலத்தில் 6 கோடியே 93 இலட்சம் டாலருக்கு விலை போயிற்று. வாங்கியவர் விக்னேஷ் சுந்தரேசன் என்ற தமிழர். தாளும் இல்லை, சீலையும் இல்லை. இது இவருடையது என்ற பதிவு ஒன்றே பொருள். அடுத்த ஆண்டே அச்சந்தை சரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நம்மைச் சிந்திக்க வைப்பது விலையன்று. உடைமையைக் குறிக்க இவ்வளவு நுட்பம் கண்ட உலகம், உழைத்த கையைக் குறிக்க என்ன கண்டது?

ஏனெனில் இப்பொழுது செயற்கை அறிவு வந்துவிட்டது. மிதிலை முறையிலே ஒரு மயில் வேண்டும் என்று எழுதினால் நொடியில் மயில் வருகிறது. கோடிக்கணக்கான படங்களை எந்திரத்துக்குக் காட்டிக் கற்பித்திருக்கிறார்கள். அவற்றைத் தீட்டியவர்களைக் கேட்டுக்கொண்டா கற்பித்தார்கள்? பலரைக் கேட்கவில்லை. அக்பரின் எழுத்தனாவது ஓரத்திலே கோடு இன்னார், வண்ணம் இன்னார் என்று குறித்தான். இந்த மயிலின் ஓரத்திலே எந்தப் பெயரும் இல்லை.

நம் பள்ளிகளின் நிலையையும் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. திரை, ஏழை வீட்டுக்கும் வந்தது. இரவிவர்மாவின் அச்சுத்தாள் வந்ததைப் போல. அடுத்த ஆண்டு, 2012 இல், ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரைநாள். மாதம் 5,000 ரூபாய். அவர்களிலே ஓவியம் கற்பிக்க வந்தவர்கள், தம் பெயரைப் பள்ளியின் நிலையான பணியாளர் பட்டியலில் சேர்க்கக் கேட்டு, ஆண்டுக்கு ஆண்டு சென்னைக்கு வந்து தெருவிலே அமர்ந்தார்கள்.